ஆடியில் கேட்ட சாதகம்

ஆடி பிறந்ததும் காவிரிக் கரை ஊர்களில் கல்யாண மண்டபங்கள் பூட்டிக்கொள்ளும். வைகாசியிலும் ஆனியிலும் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வேனிலும் பஸ்ஸிலும் ஓடிக்கொண்டிருந்த மேளக்காரர்கள் வீட்டுத் திண்ணையில் கால்நீட்டி உட்காரும் மாதம் அது. அந்த மாதம் பார்த்துத்தான் கும்பகோணத்தில் இறங்கினேன். மயிலாடுதுறைச் சாலையில் நரசிங்கம்பேட்டை, திருவாவடுதுறை, குத்தாலம் என்று ஊர் ஊராக நின்று, பிறகு தெற்கே திருவாரூர் வரை போவது திட்டம். வாசிப்பே பிழைப்பாக உள்ளவர்கள் சாதகம் என்னும் அன்றாடப் பயிற்சிக்கு எங்கிருந்து நேரம் எடுக்கிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வாய்ப்பாட்டுக்காரர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தம்பூராவோடு உட்கார்ந்துவிடலாம். வீணைக்காரருக்கும் அது முடியும். நாகசுரத்துக்கு அந்த வசதி கிடையாது. சாமி புறப்பாட்டில் நான்கு வீதிக்கும் கேட்க வேண்டும் என்றே உருவான வாத்தியம் அது, தவிலும் அப்படியே. சுவரோடு சுவர் ஒட்டிய வாடகை வீட்டில் அதிகாலை நாலரை மணிக்கு நாயனத்தை எடுத்தால் தெருவே எழுந்து உட்காரும். மேளக்காரர் என்றதும் வீடு இல்லை என்று சொல்லிவிடும் வீட்டுக்காரர்களைப் பற்றி இந்தப் பயணத்தில் சந்தித்த ஏறக்குறைய எல்லாருமே ஏதாவது ஒரு கதை வைத்திருந்தார்கள். நேரம் கிடைப்பது ஒரு பாடு என்றால் இடம் கிடைப்பது அதைவிடப் பெரும்பாடு.

கும்பகோணம் பேருந்து நிலையத்தில் என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தவர் ஒரு தவில்காரர் என்று அவர் கையைப் பார்த்தே தெரிந்தது. வலக்கை விரல் நுனிகளில் கூடு மாட்டி மாட்டிக் காய்த்துப்போன தடம். தவிலின் வலந்தலையை வெறும் விரலால் தட்டுவதில்லை. துணியைப் பசை தடவிச் சுற்றிக் காயவைத்த கூடுகளை விரல்களில் மாட்டிக்கொண்டுதான் வாசிப்பார்கள். இடப்பக்கத்துத் தொப்பியை இடக்கையில் பிடித்த பூவரசங்கழியால் அடிப்பார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர். திருவிடைமருதூரில் ஒரு வீட்டுக்குத் தவிலுக்கு வார் பிடிக்கப் போகிறாராம். பஸ் கிளம்பியதிலிருந்து அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. இடக்கை தொடையில் தாளம் போட, வலக்கை விரல்கள் முன்சீட்டுக் கம்பியில் மெல்ல ஓடின.

"சாதகம் போலிருக்கே அண்ணே" என்றேன்.

சிரித்தார். "கையிலே தவில் இருந்தாத்தான் சாதகமா சார்? எங்க வாத்தியார் ஒரு வருஷம் தவில் பக்கமே விடலை. சொல்லு வாயிலே நிக்கணும், அப்பறந்தான் கை. வாயிலே தெளிவா வராதது கையிலே வரவே வராது."

அப்போது அவர் ஒரு கோர்வை கட்டிக்கொண்டிருந்தார். ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம், அறுபத்து நாலு மாத்திரை. அதற்குள் ஒரு சொற்கட்டை மூன்று முறை சொல்லி முடித்துச் சரியாகச் சமத்தில் விழ வேண்டும். நடுவில் எத்தனை கார்வை விடுவது என்பதில்தான் அழகு இருக்கிறது என்றார். திருநாகேசுவரம் தாண்டுவதற்குள் முதல் கணக்கு முடிந்து, அதையே திஸ்ரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார். இருபது வருஷமாகக் கற்பனையெல்லாம் பஸ்ஸில்தானாம். வேன் பிடித்துக் கச்சேரிக்குப் போகும் நாட்களில் செட்டு முழுக்கத் தூங்கும், இவர் மட்டும் ஜன்னலோரம் கணக்குப் போட்டுக்கொண்டு வருவார்.

"ஆனா ஒண்ணு" என்று இறங்கும்முன் தோளைத் தொட்டுக் காட்டினார். "புத்திக்குப் பஸ்ஸு போதும். இதுக்குப் போதாது. பத்து நாள் தவில் தோள்ல ஏறலைன்னா தொப்பி சத்தம் சப்புனு போயிடும். கேக்கறவங்களுக்குத் தெரியாது. நாயனக்காரருக்குத் தெரிஞ்சுடும்."

மனத்தால் செய்யும் சாதகமும் உடம்பால் செய்யும் சாதகமும் வேறு வேறு என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. முதலாவதை வேலைக்கு நடுவே எங்கேயும் நுழைத்துக்கொள்ளலாம். இரண்டாவதற்குத்தான் எல்லாப் போராட்டமும்.

நரசிங்கம்பேட்டை சாலையோரத்துச் சிற்றூர். ரயில் நிலையம் உண்டு. நாகசுரம் வாசிக்கிற எவரும் வாழ்நாளில் ஒருமுறையாவது வந்துபோகிற ஊர். பல தலைமுறையாக இங்கே நாகசுரம் கடைந்து வருகிறார்கள். நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மரம் ஆச்சா. புது மரம் உதவாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற உத்தரங்களையும் தூண்களையும் தேடி வாங்கி வருகிறார்கள். பல பத்தாண்டுகள் கூரையைத் தாங்கி ஈரமெல்லாம் வற்றிப்போன மரம்தான் வெடிக்காமல் நாதம் கொடுக்கும். உள்ளே துளையிட்டு வரும்போது குழல் மேலே குறுகியும் கீழே அகன்றும் போக வேண்டும். மயிரிழை பிசகினாலும் சுரம் விலகிவிடும்.

இங்கே இருந்த ரங்கநாதன் ஆசாரிதான் இன்று எல்லாரும் வாசிக்கிற பாரி நாயனத்துக்கு வடிவம் கொடுத்தவர். அதற்குமுன் புழக்கத்தில் இருந்த திமிரி குட்டையானது, சுருதி ஏறியது. அதில் சுத்த மத்தியமத்தைச் சரியாகப் பிடிக்க வாசிப்பவர் மூச்சாலும் உதட்டாலும் சமாளிக்க வேண்டியிருந்தது. நாகசுர வித்துவான் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக ஆசாரி நீளத்தைக் கூட்டி, துளைகளின் இடத்தைத் திருத்தி, இரண்டு கட்டை சுருதிக்கு இறக்கி, அந்த மத்தியமம் சுத்தமாகப் பேசும்படி செய்துகொடுத்தார். ஒரு கலைஞர் பிடிவாதமாகக் கேட்டதும் ஒரு தச்சர் பொறுமையாகச் செதுக்கியதும் சேர்ந்து ஒரு வாத்தியத்தையே மாற்றின. ஆனால் பாரிக்கு மூச்சு கூடுதலாக வேண்டும். குழல் நீளம், விரல் இடைவெளி அகலம். சாதகம் குறைந்தவரைப் பாரி காட்டிக்கொடுத்துவிடும்.

பட்டறை வாசலில் நான் நின்றிருந்தபோது ஓர் இளைஞர் புது நாயனம் எடுக்க வந்திருந்தார். உலவு என்னும் குழலில் அணசு, கெண்டை எல்லாம் பொருத்தி, ஊதும் சீவாளியை வாயில் நனைத்துச் சொருகி, கீழ்ச் சட்ஜத்தைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. அரைமணி, முக்கால் மணி. மாயாமாளவகௌளையில் வரிசைகளை மூன்று காலத்திலும் ஓட்டினார். பிறகு ஒவ்வொரு சுரமாக நிறுத்தி நிறுத்திக் கேட்டார். வாத்தியத்தைச் சோதிக்கிறார் என்றுதான் நினைத்தேன். இழைப்புளியைக் கீழே வைத்த ஆசாரி என் பக்கம் குனிந்து சொன்னார்: "வாத்தியம் நல்லாருக்குன்னு அவருக்கு அஞ்சு நிமிஷத்துலயே தெரிஞ்சிருக்கும். இங்க உக்காந்து வாசிச்சா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க இல்லையா, அதான்." திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே முகூர்த்த நாளில் மட்டும் லீவு போட்டு வாசிக்கிற பையனாம். அங்கே அவர் தங்கியிருக்கும் அறையில் நாயனத்தைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவே முடியாதாம். அறையில் சீவாளி இல்லாமல் வெறும் உலவின் மேல் விரலை மட்டும் ஓட்டிப் பழகுகிறேன் என்று பிறகு அவரே சொன்னார். ஊருக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஏதாவது சாக்கில் பட்டறைக்கு வந்து உட்கார்ந்துவிடுவாராம். அவரை வாசிக்கவிட்டு வேலையை நிறுத்திக் கேட்ட அந்த ஆசாரியைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

திருவாவடுதுறை அங்கிருந்து பக்கம்தான். ஆதீன மடம், கோமுத்தீசுவரர் கோயில், அகலமான வீதிகள். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வாழ்ந்த ஊர். ஆதீன வித்துவானாக அவர் வாசித்த ஊர். அவருடைய தோடியை இசைத்தட்டில் கேட்டவர்களுக்கு அது சில நிமிஷம். புறப்பாட்டில் கேட்டவர்களுக்கு அது ஓர் இரவு. கீழவீதியில் தொடங்கிய ஆலாபனை மேலவீதி திரும்பும்போதும் முடிந்திருக்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். சிறுவயதில் வாய்ப்பாட்டுப் பயிற்சி பெற்றுவிட்டு நாகசுரத்துக்கு வந்தவர் அவர். தொண்டையால் பாடிப் பார்த்ததைக் குழலால் வாசித்தார் என்பது அவர் வாசிப்பைக் கேட்கும்போதே விளங்கும்.

அந்த வீதிகளில் நடந்தபோது ஒன்று உறைத்தது. அந்தக் காலத்து வித்துவான்கள் அசுர சாதகம் செய்தார்கள் என்று நாம் வியந்து பேசுகிறோம். அவர்கள் உழைப்பு பெரிது, அதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலையின் அமைப்பே சாதகமாக இருந்தது என்பதை நாம் சொல்வதில்லை. கோயிலில் விடியலில் பூபாளம், பௌளி. காலசந்திக்குப் பிலகரி. உச்சிக்காலத்துக்கு மத்தியமாவதி, சுருட்டி. சாயரட்சைக்குப் பூர்விகல்யாணி, கல்யாணி. அர்த்தசாமத்தில் பள்ளியறைக்கு நீலாம்பரி, ஆனந்தபைரவி. ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு ராகத்தை எடுத்து விரித்து வாசித்தாக வேண்டும். அதற்கு மானிய நிலம் இருந்தது, படித்தரம் இருந்தது. சாமி கேட்கிறது என்ற பயமும் இருந்தது. ஒருநாள் பிலகரி சரியாக அமையாவிட்டால் மறுநாள் அதே வேளைக்கு அதே பிலகரி காத்திருக்கும். வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் ஒருவரை இப்படி வாசிக்கவைத்துச் சோறும் போட்டால் அவர் எப்படி வாசிப்பார்? அப்படித்தான் வாசித்தார்கள்.

கோயில் பணியில் இருக்கும் ஒரு நாயனக்காரரை அருகே ஓர் ஊரில் பார்த்தேன். அவர் தாத்தா காலத்தில் அந்தக் கோயிலில் இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒத்து, தாளம் என்று முழு மேளம் இருந்ததாம். இப்போது அவர் ஒருவர்தான். தவிலுக்கு ஆள் போடவில்லை. தீபாராதனை நேரத்தில் சுவிட்சைப் போட்டால் முரசும் மணியும் தானாக அடித்துக்கொள்ளும் மின்சார மேளம் மூலையில் நிற்கிறது. அது ஓடும்போது நாயனம் கேட்காது. ஆகவே அது நிற்கும்வரை இவர் காத்திருக்கிறார். நின்றபிறகு வாசிக்கக் கிடைப்பது சில நிமிஷம். அதற்குள் நடை சாத்தும் அவசரம். "ராகத்தைத் தொட்டுட்டு வந்துடறேன் சார், அதுக்குள்ள போக முடியலை" என்றார். மின்சார மேளம் பறித்தது ஒரு சம்பளத்தை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். அது ஒரு கலைஞரின் அன்றாடச் சாதக நேரத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டுவிட்டது என்பது அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

குத்தாலம் பக்கத்தில் ஒரு கிராமம். ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்கால்கள் நிறைந்து ஓடின. அங்கே ஒரு நாகசுர வித்துவான் வீட்டில் தங்கினேன். கல்யாணக் கச்சேரிகளில் பேர் எடுத்தவர், நாற்பதுகளின் நடுவில் இருப்பவர். விடிவதற்கு முன்பே அவர் சைக்கிளில் கிளம்ப, பின்னாலேயே நானும் போனேன். வயலைத் தாண்டி ஒரு தென்னந்தோப்பு, அதில் பம்ப்செட் கொட்டகை. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்துக்கு அப்பால். ஆடி முழுக்க அவருக்கு அதுதான் சாதக அறை.

முதல் ஒரு மணி நேரம் ராகமே கிடையாது. மந்திர ஸ்தாயியில் ஒரு சுரத்தைப் பிடித்து மூச்சு தீரும்வரை நிறுத்துவது, அடுத்த சுரம், அதற்கடுத்தது. பிறகு துத்துகாரம், தன்னகாரம் என்று நாக்கால் சுரங்களை வெட்டி வெட்டி எடுப்பது. பிறகு விரலடி. வெளிச்சம் வந்தபிறகுதான் ராகம். நாகசுரத்தில் அரைச் சுரத்துக்குத் தனித் துளை கிடையாது. துளையைப் பாதி மூடியும், சீவாளியை உதட்டால் அழுத்தியும் தளர்த்தியும், மூச்சைக் கூட்டிக் குறைத்தும்தான் கமகம் வருகிறது. சீவாளியோ காவிரிக் கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்திச் செய்வது. ஒன்றைப்போல் இன்னொன்று இராது. நாயனத்தில் நூல் கட்டித் தொங்கும் சீவாளிகள் எதற்கென்று பலர் நினைத்திருக்கலாம். அன்றைய வெயில், ஈரம், உதட்டின் நிலை எல்லாம் பார்த்து மாற்றிக்கொள்வதற்காக.

"உதடு இருக்கே ஐயா, அதுக்கு ஞாபகமறதி ஜாஸ்தி. மூணு நாள் விட்டா அந்நியமாப் போயிடும்" என்றார். சீசனில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முகூர்த்த நாளின் கணக்கைச் சொன்னார். பிற்பகல் மூன்று மணிக்கு வேன். ஆறு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. நிச்சயதார்த்தம் முடிந்து சாப்பிட்டுப் படுக்கப் பத்தரை, பதினொன்று. அதுவும் மண்டபத்திலேயே ஜமக்காளத்தில். காலையில் நாலு மணிக்கு எழுந்தாக வேண்டும். ஆறு ஏழரை முகூர்த்தமானால் தாலி கட்டி, நலங்கு முடிந்து, கணக்குத் தீர்ந்து புறப்பட மத்தியானம். வீட்டுக்கு வந்து குளித்தால் அடுத்த ஊருக்கு வேன் வாசலில் நிற்கும். வைகாசியில் தொடர்ந்து நான்கைந்து நாள் இப்படிப் போகும்.

இதில் சாதகத்துக்கு இடம் எங்கே? அவர் சொன்ன பதிலை இந்தப் பயணத்தின் பேறாக நினைக்கிறேன்.

நாலு மணிக்கு எழுந்ததும் மண்டபத்தின் பின்புறம், கார் நிறுத்துகிற இடத்துக்குச் சுருதிப் பெட்டியோடு போய்விடுவார். சுருதி சேர்க்கிறேன் என்று பெயர். கால் மணி, இருபது நிமிஷம் மந்திர ஸ்தாயி மட்டும். சமையல்காரர்களைத் தவிர யாரும் விழித்திருக்க மாட்டார்கள். விழித்தவர்களும் விடியல் மேளம் என்று நினைத்துக்கொள்வார்கள். உதட்டுக்கு அன்றைய உயிர் அதில் வந்துவிடும். இது உடம்புக்கு.

இன்னொன்று, ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு ராகத்தை எடுத்துக்கொள்வார். போன சீசனுக்குப் பூர்விகல்யாணி. மாப்பிள்ளை அழைப்பு முடிந்து கூட்டம் பந்திக்குப் போகும் நேரத்தில் யாரும் எதையும் கேட்டு வாங்காத ஓர் அரைமணி கிடைக்கும். எந்த மண்டபமானாலும் அந்த அரைமணியில் பூர்விகல்யாணிதான். முதல் கல்யாணத்தில் தெரிந்த பிடிகள் மட்டும் வந்தனவாம். பத்தாவது கல்யாணத்தில் தாரஸ்தாயி காந்தாரத்தைச் சுற்றி ஒரு புது வழி கிடைத்தது. சீசன் முடிந்தபோது அந்த ராகம் தன் வீடு மாதிரி ஆகிவிட்டது என்றார். கூடவே வாசிக்கும் தவில்காரருக்கும் இது தெரியும். அவரும் அந்த நேரத்துக்கென்று ஒரு பல்லவிக் கணக்கு வைத்துக்கொள்வார். சம்பளம் கொடுத்து அழைத்த வீட்டாருக்கு ஒன்றும் குறையவில்லை. சொல்லப்போனால் அன்றைக்கு மண்டபத்தில் வாசித்ததிலேயே அதுதான் உசத்தி.

"அந்த அரைமணி இப்ப கிடைக்கிறதா?" என்று கேட்டேன். கொஞ்சம் பேசாமல் இருந்தார். "லைட் மியூசிக் வெச்சுடறாங்க. இல்லேன்னா டிஜே. நாங்க வாசிச்சுக்கிட்டிருக்கும்போதே ஸ்பீக்கர் ஆன் ஆயிடும். சண்டை போடற இடமா ஐயா அது, மங்கல காரியம். நிறுத்திட்டு எறங்கிடுவோம்."

அவருடைய சிறுவயதுப் பயிற்சி பற்றியும் கேட்டேன். எட்டு வயதில் அப்பாவின் செட்டில் தாளம் போட உட்கார்ந்தார். இரண்டு வருஷம் வெறும் ஜால்ரா. அதன்பிறகு ஒத்து. ஒத்து என்பது சுருதிக்கான குழல்; பார்க்க நாயனம்போல இருக்கும், விரல் வேலை கிடையாது. ஆனால் சுருதி அறுபடாமல் மணிக்கணக்கில் பிடிக்க வேண்டும். கன்னத்தில் காற்றைத் தேக்கி, வாயால் விட்டுக்கொண்டே மூக்கால் இழுக்கும் வித்தை அதில்தான் கைவரும். பெரியவர்கள் வாசிப்பதை அருகிலிருந்து கேட்டபடியே மூச்சு பழகிவிடும், காது பழகிவிடும், தாளம் ஏற்கெனவே பழகியிருக்கும். பிறகு இரண்டாவது நாயனமாக அமர்ந்து முதல் நாயனம் வாசித்ததைத் தொட்டு வாசிப்பது. காருக்குறிச்சி அருணாசலம் (1921–1964) ராஜரத்தினம் பிள்ளையோடு இணைந்து வாசித்து வளர்ந்தது இப்படித்தான்.

இப்போது ஒத்து வாசிப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மின்சுருதிப் பெட்டி வந்துவிட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஓர் ஆள் சம்பளம் மிச்சமாகிற செட்டுக்கு அது அவசியம். ஆனாலும் சின்னப் பையன்கள் வேலை பார்த்துக்கொண்டே கற்ற பள்ளிக்கூடம் ஒன்று அதோடு சத்தமில்லாமல் மூடப்பட்டுவிட்டது. அந்த ஒத்துக் காலத்து மூச்சுப் பயிற்சியை இன்றைய மாணவர் தனியாக நேரம் ஒதுக்கித்தான் செய்ய வேண்டும். நேரம் ஒதுக்கத்தான் யாருக்கும் முடியவில்லை.

குத்தாலத்து வித்துவானின் மகள் கல்லூரியில் படித்துக்கொண்டே அப்பாவிடம் நாகசுரம் கற்கிறாள். பெண்கள் இந்த வாத்தியத்தை எடுப்பது புதிதல்ல. நாகசுர வித்துவான் ஷேக் சின்ன மௌலானாவின் சீடர்களான ஷேக் மகபூப் சுபானியும் அவர் மனைவி காலீஷாபியும் இணையாக வாசித்து 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ பெற்றதை அந்த வீட்டில் எல்லாரும் பெருமையாகச் சொன்னார்கள். அந்தப் பெண்ணின் சாதகம் மாலையில், கல்லூரிப் பேருந்திலிருந்து இறங்கி நேரே தோப்புக்கு. அப்பா இருந்தால் அப்பாவோடு, இல்லாவிட்டால் பாட்டி துணைக்கு வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். பாட்டிக்கு நாயனம் தெரியாது. ஆனால் சுரம் விலகினால் வெற்றிலையை மெல்லுவது நின்றுவிடும் என்றாள் பேத்தி. அறுபது வருஷம் இந்த இசைக்குள் வாழ்ந்த காது அல்லவா!

மயிலாடுதுறையில் அதிகம் தங்கவில்லை. அங்கிருந்து திருவாரூருக்குப் பஸ் ஏறினேன். கமலாம்பாளுக்கு ஆடிப்பூர உற்சவம். கல்யாணம் இல்லாத மாதம் மேளக்காரர்களுக்கு ஓய்வு மாதம் என்று நான் வைத்திருந்த எண்ணம் பாதிதான் சரி. ஆடியில் அம்மன் கோயில்கள் உண்டு. தோப்பில் ஒரு வாரம் சாதகம், கோயிலில் ஒரு வாரம் வாசிப்பு என்று மாறி மாறிப் போகிறது. மார்கழியும் அப்படியே. விடியலில் திருப்பள்ளியெழுச்சிக்கு வாசித்துவிட்டுச் சிலர் சபாக் கச்சேரிக்குச் சென்னைக்கு ரயில் பிடிக்கிறார்கள்.

திருவாரூர் சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் பிறந்த ஊர். தியாகராஜர் கோயிலின் பிராகாரங்கள் நடக்க நடக்க நீளும். புறப்பாட்டுக்கு முதலில் தவில் மட்டும் தனியே முழங்கியது. பிறகு கம்பீரநாட்டையில் மல்லாரி. மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது, வெறும் ஜதிதான். அதையே முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று ஏற்றி, திஸ்ரத்தில் மாற்றி, மறுபடி இறக்க வேண்டும். தாளம் ஓர் இம்மி அசையக்கூடாது. மாணவன் அறைக்குள் உட்கார்ந்து செய்ய வேண்டிய அப்பியாசம் எதுவோ அதுவே இங்கே சாமிக்கு முன்னால் முதல் நிவேதனமாக வைக்கப்படுகிறது. இந்த மரபை அமைத்தவர்கள் கலைஞனின் அன்றாடத்தை அறிந்தவர்கள். அவன் பயிற்சி மங்கிப்போகாமல் இருக்க வேண்டுமானால் அதைச் சடங்கின் தலைவாசலிலேயே வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

குத்தாலத்து வித்துவானும் அன்றைக்கு வந்திருந்தார், உபயதாரர் ஒருவர் அழைப்பில். வீதி திரும்பியதும் அவர் எடுத்தது சக்கரவாகம். தோப்பில் நான் கேட்ட அதே ராகம், ஆனால் அங்கே கேட்காத இடங்களுக்கெல்லாம் போனது. கூட்டம் பெரிதில்லை. இருந்தவர்கள் நின்று கேட்டார்கள். ஒரு பெரியவர் சட்டையில்லாத தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நாயனத்துக்கு நேர் எதிரே பின்னோக்கி நடந்தபடியே கேட்டுக்கொண்டு வந்தார். வித்துவான் அந்த ஒரு முகத்தைப் பார்த்தே வாசித்தார். இடையில் ஒருமுறை நிறுத்திச் சீவாளியை மாற்றிக்கொண்டு என் பக்கம் பார்த்தார். "இந்த வருஷத்துக்கு இதுதான்" என்றார்.

தொழில் கலைஞர்களைப் பற்றிப் பேசும்போது இவ்வளவு ஓட்டத்தில் எப்படித்தான் பழகுகிறார்களோ என்று அவர்களுடைய மன உறுதியைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மன உறுதிக்கு அவர்களிடம் குறைவில்லை. பஸ் கம்பியிலும் பட்டறை வாசலிலும் பம்ப்செட் கொட்டகையிலும் அதைப் பார்த்தேன். அவர்களால் தாங்களே உண்டாக்கிக்கொள்ள முடியாதது கேட்கிற ஆட்களோடு கூடிய நேரம் ஒன்றுதான். அது நம் கையில் இருக்கிறது.

ஆவணி பிறந்தால் மண்டபங்கள் திறந்துவிடும். உங்கள் வீட்டில் கல்யாணம் இருந்தால், மேளத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே ஒன்று சொல்லிவிடுங்கள்: மாப்பிள்ளை அழைப்புக்குப் பிறகு அரைமணி நேரம் உங்களுடையது, உங்களுக்குப் பிடித்த ராகத்தை வாசியுங்கள் என்று. அந்த அரைமணிக்கு ஸ்பீக்கரை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். முன்வரிசையில் நான்கு பேரையாவது உட்காரவையுங்கள். கோயிலுக்கு உபயம் செய்கிறவர்கள் அன்றைக்கு ஆள் வாசிக்கும் மேளம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். பக்கத்து வீட்டில் விடிகாலையில் நாயனச் சத்தம் கேட்டால் கதவைத் தட்டாதீர்கள், வாசிக்கட்டும்.